காரில் பெரிய ஆம்ப்ளிஃபயர் பொருத்தும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்தில் கார் வயரிங் வேலைக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஆம்ப்ளிஃபயரை வாங்கி டிக்கியில் வைத்த பிறகுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே படித்துக்கொள்ளட்டும் என்று கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்துதானே வருகிறது? பெரிய பேட்டரியாகப் போட்டால் போதாதா?

இன்ஜின் ஓடும்போது காரில் எரியும் விளக்கு, ஏசி விசிறி, பாட்டு எல்லாவற்றுக்கும் கரண்ட் தருவது ஆல்டர்னேட்டர்தான். அதைத்தான் பலர் டைனமோ என்கிறார்கள். பேட்டரியின் முதல் வேலை செல்ஃப் எடுப்பது. ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாத நேரத்தில் பற்றாக்குறையை அது தாங்கிப் பிடிக்கும், பிறகு அந்தக் கடனை ஆல்டர்னேட்டரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும். பாட்டு ஓடும்போது அந்த அளவு 12.6-க்குக் கீழே இறங்கினால், ஆல்டர்னேட்டர் கொடுப்பது போதாமல் பேட்டரி கரைகிறது என்று பொருள். பெரிய பேட்டரி போட்டால் அது கரைய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பெட்டியில் 3000 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அது உண்மையா?

பெட்டியைப் பார்க்காதீர்கள், ஃப்யூஸைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸ்களின் ஆம்பியரைக் கூட்டுங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 60. அதை 13.5 வோல்ட்டால் பெருக்கினால் 810 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் டி வகையாக இருந்தால் அதில் ஏறக்குறைய 80 சதவீதம், அதாவது 650 வாட், ஸ்பீக்கருக்குப் போகும். பழைய கிளாஸ் ஏபி வகையில் பாதியை ஒட்டித்தான் போகும், மிச்சம் வெப்பமாகிவிடும். 60 ஆம்பியர் ஃப்யூஸை வைத்துக்கொண்டு 3000 வாட் தருகிற ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் கிடையாது.

கேட்டு வாங்க வேண்டிய அளவு ஆர்எம்எஸ் வாட், அதாவது இடைவிடாமல் தரக்கூடிய வாட். அதுவும் எத்தனை ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்கு, எத்தனை வோல்ட்டில் அளந்தது என்பதோடு சேர்ந்து வர வேண்டும். உச்ச வாட் என்று அச்சிடுவது விற்பனைக்கான எண்.

என் ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். ஆர்எம்எஸ் வாட்டைத் திறனால் வகுத்து, அதை 13.5 வோல்ட்டால் வகுத்தால் போதும். கிளாஸ் டி-க்குத் திறன் 0.8, கிளாஸ் ஏபி-க்கு 0.5 என்று வைத்துக்கொள்ளலாம். 500 வாட் கிளாஸ் டி 46 ஆம்பியர் இழுக்கும். அதே 500 வாட் கிளாஸ் ஏபி 74 ஆம்பியர். 1000 வாட் கிளாஸ் டி 93 ஆம்பியர்.

இவை முழு வேகத்தில் இடைவிடாமல் முழங்கினால் வரும் உச்சம். பாட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் சராசரி இழுப்பு இதில் மூன்றில் ஒரு பங்கு, பல பாடல்களில் அதைவிடக் குறைவு. வயரையும் ஃப்யூஸையும் உச்சத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஆல்டர்னேட்டர் தாங்குமா என்பதைச் சராசரியை வைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, அளவுக்கு மீறித் துணிகிறவர்களும் உண்டு.

என்னுடையது சின்ன பெட்ரோல் கார். 1000 வாட் தாங்குமா?

சின்ன பெட்ரோல் கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியருக்குள் இருக்கும். 70 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் கணினி, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 ஆம்பியர் எடுக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் யாரும் போவதில்லை. அதன் விசிறிகளும் கிளட்சும் இன்னொரு 15 முதல் 20. இரவில் ஹாலஜன் ஹெட்லைட் 8 அல்லது 9. ஆக 40 ஆம்பியர் வண்டிக்கே போய்விடுகிறது. பாட்டுக்கு மிஞ்சுவது 30.

1000 வாட் கிளாஸ் டி-யின் உச்சம் 93, சராசரி 31. அதாவது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது மட்டும் மட்டுமட்டாகத் தாங்கும். தஞ்சாவூர் கீழவாசல் நெரிசலில் ஊர்ந்துகொண்டே கேட்டால் தாங்காது. என்னைக் கேட்டால் இப்படிப்பட்ட காருக்கு 400, 500 வாட் ஆர்எம்எஸ் கிளாஸ் டி போதும். அதற்கு ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டிய அவசியமே வராது.

ஓடும்போது நன்றாக இருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால் ஹெட்லைட் அடிக்கு அடி மங்குகிறது. ஏன்?

ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர், அது வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. இன்ஜின் சும்மா ஓடும்போது அதில் பாதி கிடைத்தால் பெரிது. மேலே சொன்ன 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் கேட்டில் நிற்கும்போது 35-தான் தரும், வண்டிக்கே அது பற்றாது. பானெட்டுக்குள் காற்றோட்டமும் இல்லாததால் ஆல்டர்னேட்டர் சூடேறி, தருவது இன்னும் குறையும். அந்த கேட்டில் காத்திருக்கும் நேரம் ஊரறிந்தது. அதுவரை பேட்டரிதான் பாட்டை ஓட்டுகிறது. கேட்டில் நிற்கும்போது ஒலியைக் குறைத்து வைப்பது செலவில்லாத வைத்தியம்.

ஓடும்போதும் லேசாக மங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுமையை உணர்ந்து கரண்டைக் கூட்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலியின் அடி அதற்குள் வந்து போய்விடும். விளக்கு கண் சிமிட்டினால் மட்டும் பதற வேண்டாம். மங்கியது மங்கியபடியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

கரண்டைக் கொஞ்சம் சேமித்து வைத்துக் கொடுக்கும், நீல விளக்கோடு வோல்ட் காட்டும் அந்த உருளை அழகாகத்தான் இருக்கிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 13-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 13.5 ஜூல். 1000 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு விநாடியில் எழுபதில் ஒரு பங்கு நேரம் வரும். அதன் பிறகு அதையும் ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். விளக்கின் கண் சிமிட்டலை அது கொஞ்சம் மென்மையாக்கலாம், பற்றாக்குறையைப் போக்காது.

அந்தப் பணத்தில் நல்ல எர்த்தும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) நல்ல வயரும் போடலாம். பிடிவாதமாகப் போடுகிறவர்கள், முதல்முறை இணைக்கும்போது நேரடியாக வயரைத் தொடாமல், உடன் வரும் ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்புங்கள். இல்லாவிட்டால் தீப்பொறி பறந்து டெர்மினலையே கருக்கிவிடும்.

பேட்டரி முன்னால், ஆம்ப்ளிஃபயர் டிக்கியில். வயர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: ஆம்ப்ளிஃபயர் இருப்பது கடைமடையில். மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடைக்கு வந்து சேராது.

5 மீட்டர் செம்பு வயரில் 60 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். 8 கேஜ் வயரின் செம்புப் பரப்பு ஏறக்குறைய 8 சதுர மில்லிமீட்டர். அதில் வழியிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் வயரில் கால் வோல்ட் போகும். 50 சதுர மில்லிமீட்டரில் 0.1 வோல்ட்தான். 500 வாட் வரை 4 கேஜ் நல்ல செம்பு போதும். 1000 வாட்டுக்கு 50 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குப் போய்விடுங்கள்.

கடையில் 4 கேஜ் கிட் மிக மலிவாகக் கிடைத்தது. வாங்கலாமா?

வயரின் முனையில் ஓர் இழையைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். கையில் தூக்கினால் எடையும் இருக்காது. அது கடத்தும் அளவு செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அலுமினிய 4 கேஜ் வாங்கினால் செம்பு 6 கேஜ் வாங்கியதற்குச் சமம். அப்படித் தெரிந்தே வாங்கி, அதற்கேற்ற சுமையை மட்டும் ஏற்றினால் குற்றமில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. ரப்பர் உறையைப் பருமனாக்கி உள்ளே இழைகளைக் குறைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் மொத்தம், உரித்தால் உள்ளே பென்சில் அளவு. எனவே கேஜ் எண்ணைக் கேட்காமல், செம்பின் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேளுங்கள். மின்சாரக் கடைகளில் வெல்டிங் கேபிள் என்று மீட்டர் கணக்கில் விற்பது பல நேரம் நல்ல செம்பாகவே இருக்கும், வளைந்தும் கொடுக்கும். அதையும் சுரண்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள், இன்ஜின் பக்கத்தில் மட்டும் மேலே ஒரு பாதுகாப்புக் குழாய் போட்டுவிடுங்கள்.

எர்த் எங்கே கொடுப்பது? பின் சீட் பெல்ட் போல்ட்டில் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த போல்ட் உயிரைக் காப்பதற்காகக் குறிப்பிட்ட இறுக்கத்தில் போட்டது. அதன் அடியில் ஒரு லக்கை (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) சொருகினால் இறுக்கம் மாறிவிடும். தவிர அதன் மரையில் பசை தடவியிருப்பார்கள், சுற்றிலும் பெயின்ட் இருக்கும். எர்த்துக்கு அது மோசமான இடம்.

டிக்கியில் பாடியின் கெட்டியான தகடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லக் உட்காரும் வட்டத்தில் பெயின்ட்டை முழுதாகச் சுரண்டிப் பளபளப்பான இரும்பைக் காட்ட வேண்டும். பல்வைத்த வாஷர் போட்டு, நட்டும் போல்ட்டுமாக இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். கீழே பெட்ரோல் டேங்கோ குழாயோ போகிறதா என்று பார்க்காமல் துளை போடாதீர்கள். எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். போகிற வழி அகலமாகவும் திரும்புகிற வழி குறுகலாகவும் இருந்தால் பயனில்லை.

எல்லாம் புது வயர். ஆனாலும் பேஸ் அடித்தால் ஆம்ப்ளிஃபயர் அணைந்து அணைந்து எரிகிறது. எங்கே கோளாறு?

ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, இன்ஜினையும் ஓடவிட்டு, நான்கு அளவுகள் எடுக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளில். அங்கேயே 12-க்குக் கீழே இறங்கினால் கோளாறு முன்பக்கம்: பேட்டரி, ஆல்டர்னேட்டர், அல்லது தளர்ந்து வழுக்கும் ஃபேன் பெல்ட்.

பேட்டரியில் 13.6, ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் 11.9 என்றால் வழியில் 1.7 வோல்ட் தொலைகிறது. மீட்டரின் சிவப்பு முள்ளை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் கறுப்பு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள், இடையில் ஒரு நீள வயர் தேவைப்படும். நல்ல எர்த்தில் பேஸ் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள்தான் எழும்பும். 1 வோல்ட் எழும்பினால் திருடன் அங்கே இருக்கிறான். இதேபோல் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயர் பாசிட்டிவ் திருகுக்கும் இடையே அளந்தால் வயரும் ஃப்யூஸ் தாங்கியும் தின்பது தெரியும். பாட்டை நிறுத்தி உடனே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடும் இணைப்புதான் கெட்ட இணைப்பு. மலிவான கிட்களில் முக்கால்வாசி நேரம் அது ஃப்யூஸ் தாங்கியாகவே இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே, பேட்டரி பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

ஆம்ப்ளிஃபயரில் இருப்பது ஆம்ப்ளிஃபயருக்கு. பேட்டரி பக்கத்தில் இருப்பது வயருக்கு. பானெட்டிலிருந்து உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் உறை தேய்ந்து வயர் பாடியில் பட்டால், ஃப்யூஸ் இல்லாத நிலையில் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். சீட்டுக்கு அடியில் கார்பெட்டோடு சேர்ந்து வயர் எரியும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் கட்டாயம். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். இந்த இரண்டும் இல்லாத வண்டியை என் கையால் டெலிவரி கொடுக்க மாட்டேன்.

ஃப்யூஸின் அளவு வயர் தாங்குவதற்கு மேல் போகக்கூடாது. 4 கேஜ் நல்ல செம்புக்கு 100 ஆம்பியர். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிதாக மாற்றுவதும் கம்பியைச் சுற்றி வைப்பதும் வேண்டாத விபரீதம்.

நாங்கள் வேதாரண்யம் பக்கம். போட்ட சில மாதத்திலேயே டெர்மினல் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடுகிறது. என்ன செய்வது?

உப்பளக் காற்று சும்மா விடாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை வண்டிகளில் லக்குக்கும் வயருக்கும் இடைப்பட்ட இடுக்கில்தான் முதலில் பூக்கும். வெளியே சுத்தமாகத் தெரியும், வெப்பச்சுருக்க உறையை வெட்டிப் பார்த்தால் இழைகள் பச்சைப் பொடியாக உதிரும். இந்தப் பக்கத்துக்காரர்கள் செம்பு பூசிய அலுமினியத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பு இழை கிடைத்தால் சற்று அதிக விலை கொடுத்தாவது வாங்கலாம்.

லக்கைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தாமல், கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசையுள்ள வெப்பச்சுருக்க உறை போட வேண்டும். பேட்டரி முனையை வெந்நீரில் கழுவித் துடைத்துக் காயவைத்து, இறுக்கிய பிறகு வாசலைன் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்பு தடவுவதில்லை. ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் தரைப்பாயின் அடியில் தண்ணீர் தேங்கும் வண்டியென்றால் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்றுங்கள்.

நெல் அறுவடை நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி சூடாகி நின்றுவிடுகிறது. கரண்ட் குறைவா?

கரண்ட் இல்லை, தூசி. களத்து ஓரம் நிறுத்தும் வண்டிகளில் ஆம்ப்ளிஃபயரின் விசிறி வைக்கோல் தூசியை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

முன்பக்க மூன்று வயர்களை மாற்றினால் நல்லது என்கிறார்கள். எந்த மூன்று?

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்குப் போவது, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போவது, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போவது. கம்பெனி போட்டது கம்பெனி சுமைக்கு மட்டும். டிக்கிக்கு எவ்வளவு தடித்த வயர் இழுத்தாலும், ஆல்டர்னேட்டரிலிருந்து வெளியே வரும் முதல் வயர் மெலிதாக இருந்தால் அங்கேயே நெரிசல். பழையதை வெட்டி எறியாமல் அதற்கு இணையாக 21 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று சேர்ப்பதே நல்லது. ஆல்டர்னேட்டர் பக்க வயருக்கும் ஃப்யூஸ் உண்டு, அதன் அளவு ஆல்டர்னேட்டரின் ஆம்பியருக்குச் சற்று மேலே. 600 வாட்டுக்கு மேல் போகிறவர்கள் ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். புதுக் கார்காரர்கள் பின்னால் வரும் சென்சார் பதிலையும் படித்துவிட்டுத் தொடுங்கள்.

வீட்டில் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கிறது. டிக்கியில் இரண்டாவது பேட்டரியாக வைக்கலாமா?

வேண்டாம். அந்த டியூபுலர் பேட்டரி பல மணி நேரம் மெல்லக் கொடுப்பதற்காகச் செய்தது. ஒரே அடியில் 90 ஆம்பியர் கேட்டால் அதன் வோல்ட் சரியும். எடையோ 50 கிலோவுக்கு மேல், திடீரென பிரேக் அடித்தால் ஆசிட் சிந்தும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மூடிய டிக்கியில் தேங்குவது அபாயம்.

இரண்டாவது பேட்டரி வைத்தே தீர வேண்டுமென்றால் ஆசிட் சிந்தாத ஏஜிஎம் வகை, அசையாமல் இறுக்கும் தாங்கி, இரண்டு பேட்டரிக்கும் நடுவே வோல்ட்டைப் பார்த்து இணைக்கும் ரிலே, அந்த வயரின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு பக்கமிருந்தும் தீ வரலாம். முதல் பதிலில் சொன்னது இதற்கும் பொருந்தும்: இரண்டாவது பேட்டரி எதையும் உற்பத்தி செய்யாது. வண்டியை நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்கிறவருக்குத்தான் அது உதவும்.

லித்தியம் பேட்டரி போட்டால் வோல்ட் இறங்காதாமே?

உண்மைதான், நல்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் உள்தடை குறைவு, வோல்ட் பிடித்து நிற்கும். ஆனால் அதே காரணத்தால், காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரிடமிருந்து கிடைப்பதையெல்லாம் உறிஞ்சி அதைச் சூடேற்றிவிடும். பானெட்டுக்குள் நம் ஊர் வெப்பத்தில் வைக்கவே கூடாது. சின்ன காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஆல்டர்னேட்டரையே பெரிதாக மாற்றிவிடலாமா? வைண்டிங் மாற்றித் தருகிறோம் என்கிறார்களே?

அதே வண்டியின் உயர்ந்த மாடலிலோ டீசல் மாடலிலோ பெரிய ஆல்டர்னேட்டர் வந்திருந்து, தாங்கியும் பெல்ட்டும் பொருந்தினால் அது நேர்வழி. வைண்டிங் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தடித்த கம்பியில் சுற்றுகளைக் குறைத்துச் சுற்றினால் உச்ச ஆம்பியர் கூடும், ஆனால் குறைந்த வேகத்தில் கிடைப்பது குறையும். நெடுஞ்சாலையில் ராஜா, கேட்டில் ஆண்டி. மாற்றித் தருகிறவரிடம் இன்ஜின் சும்மா ஓடும்போது எத்தனை ஆம்பியர் வருகிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புதுக் கார். ஓடும்போதே சில நேரம் 12.6 வோல்ட்தான் காட்டுகிறது. பிரேக் பிடித்தால் 14-க்கு மேல் போகிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

இல்லை. எரிபொருளை மிச்சப்படுத்த, புதுக் கார்களில் ஆல்டர்னேட்டரை இன்ஜின் கணினி கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், வேகம் குறைக்கும்போது கூட்டிக்கொள்ளும். முதல் பதிலில் சொன்ன 12.6 கணக்கை இந்த வண்டிகளுக்கு அப்படியே வைக்க முடியாது, நீண்ட நேரம் ஓட்டி ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இந்தக் கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்கும் சென்சார் அது. ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேரடியாகப் பேட்டரி நெகட்டிவில் கொடுத்தால், பாட்டுக்குப் போகும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும், பேட்டரி மெல்ல வறண்டுபோகும். எர்த்தைப் பாடியில் கொடுங்கள், அல்லது சென்சாரைத் தாண்டிய பக்கத்தில் கொடுங்கள். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார்களில், கம்பெனி எந்த வகை பேட்டரி போட்டதோ அதே வகையைத்தான் திரும்பப் போட வேண்டும்.

பேஸுக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரை 1 ஓமில் இணைத்தால் வாட் இரட்டிப்பாகும் என்றார்கள். செய்யலாமா?

2 ஓமிலிருந்து 1 ஓமுக்கு இறக்கினால் வாட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆம்பியர் இரட்டிப்புக்கும் மேலே போகும், ஏனென்றால் திறனும் குறைகிறது. 1 ஓம் தாங்கும் என்று எழுதாத ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கருகிவிடும். இவ்வளவும் செய்து காதுக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 3 டெசிபல் கூடுதல் உணர்திறனுள்ள சப்வூஃபரை, சரியான அளவுப் பெட்டியில் வைத்தால் ஆல்டர்னேட்டருக்குத் தெரியாமலே அதே சத்தம் கிடைத்துவிடும்.

கெய்ன் திருகை முழுதாகத் திருப்பி வைத்தால்தானே முழு வாட்டும் கிடைக்கும்?

கெய்ன் ஒலியளவைக் கூட்டும் திருகு அல்ல. முன்னாலுள்ள பிளேயர் தரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திக்கொடுக்கும் திருகு. அதிகமாகத் திருப்பினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் இடைவெளி குறைவதால் சராசரி இழுப்பு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு பொய்யாகிவிடும், ஸ்பீக்கர் சுருளும் கருகும்.

சரியாக வைக்க ஒரு வழி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முக்கால் அளவில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 500 வாட், 4 ஓம் என்றால் 44.7 வோல்ட். அந்த அளவு வந்ததும் திருகை விட்டுவிடுங்கள். பிறகு யார் கேட்டாலும் தொடவிடாதீர்கள்.

நான் நாதஸ்வரம், தவில், பழைய பாட்டுகள்தான் கேட்பேன். எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

நாதஸ்வரத்தின் ஒலி காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் இருக்கிறது, அதற்கு வாட்டே பெரிதாக வேண்டியதில்லை. தவிலில் வலந்தலையின் வெடிப்புக்குத் தெளிவான ஸ்பீக்கர் வேண்டும், தொப்பியின் கனத்துக்கு ஒரு சின்ன சப்வூஃபர் போதும். வாட்டைத் தின்பது மிகத் தாழ்ந்த பேஸ், ஏனென்றால் அந்தப் பகுதியில் நம் காது மந்தம். நாலு சானல் ஆம்ப்ளிஃபயர், சானலுக்கு 50 அல்லது 60 வாட் ஆர்எம்எஸ், அதோடு நல்ல கதவு ஸ்பீக்கர்கள். ஆல்டர்னேட்டர் பற்றிய பதில்களைப் படிக்காமலே நீங்கள் போய்விடலாம்.

திருவிழாவுக்கு மினி லாரியில் செட் வைக்கிறோம். இன்ஜினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

500 வாட் கிளாஸ் டி-யின் சராசரி 15 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். காகிதத்தில் ஒரு மணி நேரம் வரும், கொஞ்சம் வயதான பேட்டரியில் அரை மணி நேரம். பாட்டை ஒரு நிமிடம் நிறுத்தி அளந்து, 12.2 வோல்ட் காட்டினால் உடனே இன்ஜினை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் சாமி புறப்படும் நேரத்தில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். இரவு முழுக்க வேண்டுமானால் வாடகை ஜெனரேட்டரும் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயரும்தான் சரி. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் பொதுவாக உள்ள கட்டுப்பாடு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அரசு அமைதிப் பகுதி என்று அறிவித்த இடங்களையும் கவனியுங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று ஓசை கூடவே ஏறுகிறது. என்ன அது?

ஆல்டர்னேட்டரின் ஓசை சிக்னல் வயரில் ஏறுகிறது. ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். பிளேயரிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுபோங்கள். பிறகு பிளேயரின் எர்த், ஆம்ப்ளிஃபயரின் எர்த், கெய்ன் மூன்றையும் மேலே சொன்னபடி சரிபாருங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

மின்சாரக் காரில் ஆல்டர்னேட்டரே இல்லையே, அதில் எப்படி?

பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பக்கத்துக்கு ஒரு கன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கிறது. கேட்டில் நின்றாலும் அது குறையாது என்பது நல்ல சேதி. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், ஸ்டியரிங், பிரேக் கணினிகள் அதே 12 வோல்ட்டை நம்பியிருக்கின்றன என்பதும் மறக்கக் கூடாதவை. 300, 400 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள் எதையும் தொடாதீர்கள்.

வாரண்டியும் இன்சூரன்சும் போய்விடுமா?

கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால் அந்தப் பகுதிக்கு வாரண்டி மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். வெட்டாமல் கப்ளர் மூலம் இணைக்கும் வயர்கள் கிடைக்கின்றன. இன்சூரன்சில் மின், மின்னணுப் பொருத்துதல்கள் என்று தனியாகச் சேர்த்துப் பிரீமியம் கட்டும் வழி இருக்கிறது. பில்லோடு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

எல்லா அளவும் சரி. ஆனால் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. ஏன்?

ஆம்ப்ளிஃபயர் தூங்கவில்லை. அதை எழுப்பும் மெல்லிய ரிமோட் வயரை, பிளேயரின் நீல வயரில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் உள்ள வயரில் கொடுத்திருப்பார்கள். பாட்டு ஓடாவிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொண்டு 1 ஆம்பியர் வரை எடுக்கும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டாம் நாள் எங்கே நிற்கும்?

இரவில் காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து டிக்கியைத் திறந்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இதுதான். எரியாவிட்டால் பேட்டரி நெகட்டிவ் வயரில் மில்லிஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். பூட்டிய கார் 50 மில்லிஆம்பியருக்குள் எடுக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஆம்ப்ளிஃபயரின் பேட்டரிப் பக்க ஃப்யூஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு இறங்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, பின்னால் போட்ட கேமரா, ஜிபிஎஸ் கருவி, அலாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.